உள்ளங்கையில் ஒரு தாலுக்கா கச்சேரி

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறவர்களுக்கு, எண்ணூர் தாண்டியதும் வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தென்படும். முதலில் அத்திப்பட்டுப் புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு. அங்கே போகிறேன் என்றதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள், "'சிட்டிசன்' படத்து ஊரா?" என்று கேட்டார்கள். 2001-ல் வந்த அந்தப் படத்தில், அத்திப்பட்டி என்ற கிராமமே சர்க்கார் ஏடுகளிலிருந்து காணாமல் போய்விடும். நிஜமான அத்திப்பட்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே என் கண்ணெதிரே வேறொன்று காணாமல் போயிற்று. ஒரு பொத்தான்!

நான் போயிருந்த வீட்டுப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. இடுப்பில் குழந்தை, கையில் செல்போன். சர்க்கார் வலைத்தளம் ஒன்றில் விண்ணப்பம் நிரப்பிக் கொண்டிருந்தாள். மறுநாள் கடைசித் தேதி.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எல்லாம் எழுதிட்டேன். அனுப்புற இடத்தைத்தான் காணோம்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்புச் சாரி. இரண்டு விரலால் அகட்டினால் எழுத்துப் பெரிதாகிறது. எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்ற விவரம் இடது பக்கம் ஓடிவிடுகிறது. அதைத் துரத்திப் பிடித்தால் கட்டம் மறைகிறது. 'சமர்ப்பிக்க' என்ற பொத்தானோ வலது ஓரத்துக்கு அப்பால் ஒளிந்திருந்தது. இழுத்து வந்து தொட்டேன். 'நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்' என்று பதில் வந்தது!

"விடுங்கக்கா. கடையில குடுத்தா செஞ்சு குடுப்பாங்க. காசு ஆகும். ஆதார் நம்பரு, ஓ.டி.பி. எல்லாம் அவங்ககிட்ட சொல்லணும். அதுதான் யோசனையா இருக்கு" என்றாள்.

படிக்கத் தெரிந்தவள், செல்போனும் சரியாகவே இருக்கிறது. பிறகு தப்பு எங்கே?

அந்தப் பக்கம் மேஜைக் கம்ப்யூட்டரின் அகலத் திரைக்கென்று தைத்த சட்டை. செல்போன் ரொம்பவும் பவ்யமான ஆசாமி. 'என் அகலத்துக்குத் தக்கபடி நில்' என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்காவிட்டால், அது தன்னையே 980 புள்ளி அகலமுள்ள திரையாகப் பாவித்துக் கொண்டு, முழுப் பக்கத்தையும் சுருக்கித் தனக்குள் அடைத்துக் கொள்கிறது. எறும்புச் சாரியின் ரகசியம் இதுதான்.

இதற்குப் பரிகாரம் புதிதல்ல. ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2010-லேயே ஒரு கட்டுரையில் வழி சொல்லி, 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு என்று பெயரும் வைத்தார். விஷயம் நம் பந்தி உபசாரம்தான். கல்யாண மண்டபமானால் நான்கு வரிசையாக இலை போடுகிறோம்; வீட்டுக் கூடமானால் ஒரே வரிசை. இடம் சிறியது என்பதற்காகப் பாயசத்தை நிறுத்தி விடுகிறோமா? அதுபோல ஒரே பக்கம், திரையின் அகலத்தைப் பார்த்துத் தன் வரிசைகளை மாற்றிக் கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இன்னும் கொஞ்சம் கரிசனம் தேவை. இங்கிலீஷில் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு சொல்லில் முடிவது, தமிழில் 'விண்ணப்பத்தின் நிலையை அறிய' என்று நீளும். இங்கிலீஷ் அளவுக்கு வெட்டிய பொத்தானில் அது பாதியிலே அறுந்து போகிறது. நம் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டு. வரிகளை நெருக்கினால் ஒன்றோடொன்று இடித்துக் கொள்ளும். அச்சுத் தாளைப் படம்பிடித்து ஒட்டிய அரசாணைகளோ எந்தத் திரைக்கும் வளைந்து கொடுக்காது.

சட்டதிட்டத்துக்கும் பஞ்சமில்லை. உலக வலைக் கூட்டமைப்பின் 2018-ஆம் வருஷத்து நெறிகள், 320 புள்ளி அகலத்திலும் பக்கவாட்டில் இழுக்காமல் வாசிக்க முடிய வேண்டும் என்கின்றன. இந்திய சர்க்கார் வலைத்தளங்களுக்கென்றே 2009-ல் வழிகாட்டி வந்தது. மூன்றாவது பதிப்பு 2023-ல் வெளியாயிற்று. திருவள்ளூர் மாவட்டத்தின் வலைத்தளத்தையே திறந்து பாருங்கள். தேசியத் தகவலியல் மையத்தின் பொது அச்சில் வார்த்தது. செல்போனில் ஒற்றை வரிசையாக அடக்கமாய் நிற்கிறது. ஆக, சர்க்காருக்குக் கை வராத வித்தை இல்லை இது. முகப்புப் பக்கத்தில் செய்த ஒழுங்கை, ஜனங்கள் அல்லாடும் விண்ணப்பப் பக்கம் வரைக்கும் கொண்டு போக வேண்டும்.

கம்ப்யூட்டர் இல்லாத வீடுகளில் அந்தச் செல்போன்தான் தாலுக்கா கச்சேரி. அதன் வாசல் குறுகலாயிருந்தால், ஏழைப் பெண் தன் சொந்த விவரங்களை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுக்கிறாள். அத்திப்பட்டுப் பெண்ணும் மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குத்தான் போனாள்.

சினிமாவில் காணாமல் போன கிராமத்துக்கு நியாயம் கேட்க ஒரு கதாநாயகன் வேண்டியிருந்தது. காணாமல் போன பொத்தானுக்கு அவ்வளவு வேண்டாம். சம்பந்தப்பட்ட மேலதிகாரி, தம் இலாகாவின் விண்ணப்பத்தை ஒரு மலிவான செல்போனில், ஒற்றைக் கட்டை விரலால், ஒரே ஒரு தடவை நிரப்பிப் பார்த்தால் போதும். இடுப்பில் குழந்தையும் இருந்தால் இன்னும் விசேஷம்!