குலுங்கினால்தான் ஸ்போர்ட்ஸ் காரா?

கார் பிரியர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. கார் தரையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். ஒட்டிக் கிடந்தால்தான் வளைவில் பிடித்துக்கொண்டு போகும். அதற்காக முதுகெலும்பு கொஞ்சம் நொறுங்கினாலும் பரவாயில்லை. கேட்டால், "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இந்த ஒற்றை வரியை நம்பித்தான் எத்தனையோ மட்டமான வேலைகள் நல்ல விலைக்கு விற்பனையாகின்றன.

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்ளலாம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான, இரண்டே பேர் உட்காரக்கூடிய குட்டிக் கார். எடை சுமார் 950 கிலோ. இதை வாங்கியவர்களில் பலர் செய்த முதல் காரியம், டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே தெரியும் இடைவெளியை ஒழிப்பது. அந்த இடைவெளி மாஸ்டாகாரர்கள் மறந்துபோய் விட்டது இல்லை. பள்ளம் மேட்டில் சக்கரம் மேலே ஏறி வருவதற்கான இடம் அது.

இறக்குவதில் லாபம் இல்லையா? இருக்கிறது. காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 500 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். 30 மி.மீ. இறக்கினால், வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு மாறும் சுமை ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். நல்லதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வெறும் 6 சதவீதம்!

இனி நஷ்டக் கணக்கு. சக்கரம் மேலே வர 80 மி.மீ. இடம் இருந்தது, 40 இறக்கியாயிற்று என்றால் மிச்சம் 40. சாலை மாறவில்லை, அதே பள்ளம், அதே வேகம், அதே அடி. அந்த அடியைப் பாதித் தூரத்துக்குள் தாங்கி நிறுத்த ஸ்பிரிங் இரண்டு மடங்கு விறைப்பாக இருந்தால் போதாது. ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நான்கு மடங்கு வேண்டும். பிளஸ் ஒன் இயற்பியல் கணக்குதான் இது. நான்கு மடங்கு விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டினால் அந்தக் காரில் மனிதர் உட்கார முடியாது. அதனால் கடைக்காரர் கொஞ்சமே கொஞ்சம் விறைப்பானதை மாட்டி அனுப்பிவிடுகிறார். அப்படியானால் மிச்ச அடியை யார் வாங்குவது?

பம்ப் ஸ்டாப். ஷாக் அப்சார்பரின் தண்டில் கோத்திருக்கும் சிறு ரப்பர் அல்லது ஃபோம் துண்டு. சஸ்பென்ஷன் அதன் எல்லையைத் தொடும்போது கடைசியாகத் தாங்குவதற்காக வைத்தது. அளவு மீறி இறக்கிய கார் சின்ன மேட்டுக்கெல்லாம் இதன் மேல் போய் உட்காருகிறது. உட்கார்ந்த கணத்தில் விறைப்பு பல மடங்கு எகிறுகிறது. பாவம், எல்லோரும் திட்டுவது ஸ்பிரிங்கை! முதுகு வலியாவது ஓட்டுபவரோடு போயிற்று. வளைவின் நடுவில் இது நடந்தால் டயர் துள்ளும். தரையை விட்டு எழும்பிய டயருக்குப் பிரேக்கும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. எதிரில் வருகிறவருக்கும் சேர்த்துத்தான் இந்த அழகு.

ஸ்பிரிங்கை அறுத்து இறக்குகிறவர்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும், இடம் போய்விடும், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். அது மாற்றம் அல்ல, நாசம்.

இன்னொரு வேடிக்கை. டொயோட்டா 86 போல முன்பக்கம் மேக்பர்சன் ஸ்ட்ரட் வைத்த கார்களில், இறக்க இறக்கக் கீழ்க்கை மேல்நோக்கிச் சாய்கிறது. அதனால் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், ஈர்ப்பு மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது. அதாவது, சாய்வைக் குறைக்க இறக்கிய கார், அதே ஸ்பிரிங்கில் முன்னைவிட அதிகமாகச் சாயும்! சாய்வதைப் பார்த்து இன்னும் விறைப்பான ஸ்பிரிங்... இந்தச் செலவுக்கு முடிவே இல்லை.

சொகுசும் வேகமும் எதிரிகள் என்று யார் சொன்னது? 1962-இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் எலான் காரைக் கொண்டுவந்தது. 700 கிலோவுக்கும் குறைவான எடை, மென்மையான ஸ்பிரிங், சக்கரம் ஏறி இறங்கத் தாராளமான இடம், அதை அடக்கி ஆளும் ஷாக் அப்சார்பர். வளைவுகளில் அந்தக் கார் காட்டிய லாவகத்தை இன்றும் உதாரணமாகச் சொல்கிறார்கள். எம்எக்ஸ்-5 பிறப்பதற்கு முன்மாதிரியாக இருந்ததும் அதே எலான்தான். அதன் வாரிசை வாங்கி, அது சுமந்து வந்த குணத்தையே அறுத்து எறிகிறார்கள்.

இறக்கவே கூடாது என்பதல்ல வாதம். 20, 25 மி.மீ. இறக்கி, போன இடத்தை வேறு வழியில் மீட்கலாம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களில் விவரமானவர்கள், 1998-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரின் ஷாக் அப்சார்பர் மேல் மவுண்ட்டை மாட்டுவார்கள். சக்கரத்துக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். அதோடு குட்டையான, மென்மையான பம்ப் ஸ்டாப்பும், புது ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரும் வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொண்டால் கார் பந்து மாதிரிக் குதிக்கும். இதெல்லாம் வெளியே தெரியாத செலவு. புகைப்படத்தில் வராது, அதனால்தான் யாரும் செய்வதில்லை.

வேலை சரியா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை போதும். ஷாக் அப்சார்பர் தண்டு வெளியே தெரிகிற காராக இருந்தால், அதன் அடியில் டையைச் சுற்றி இறுக்கிவிட்டு, தினமும் போகும் சாலையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். எங்கே நிற்கிறதோ அதுவரை சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கிறது. டை பம்ப் ஸ்டாப்பில் போய் நசுங்கிக் கிடந்தால் காரை 10 மி.மீ. தூக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான்.