பூட்டிய பேழையும் திறந்த ஏடும்

“பொறுத்திரு! 2092 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் பிறக்கட்டும். அன்று வா, தருகிறோம்!”

இப்படிப் பேசுகிறது ஐரோப்பியப் பதிப்புரிமைச் சட்டம். பிரெடரிக் ஷெவ்ஸ்கி எனும் இசைப் படைப்பாளர் 2021 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் நாள் இத்தாலியில் மறைந்தார். படைத்தவன் கண்மூடிய பின்னும் 70 ஆண்டுகள் அவன் எழுத்துக்குக் காவல் உண்டு என்பது சட்டம். கணக்கிட்டுப் பாருங்கள்: 2091 முடியும்வரை பூட்டு! இன்று தொட்டிலில் கிடக்கும் குழவி, தலை நரைத்த பின்னர்தான், “இனி எடுத்துக்கொள்ளலாம்” என்ற இசைவைப் பெறும். ஆனால் அந்தக் குழவி அத்தனை காலம் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. சட்டம் இரங்கியதாலோ, பதிப்பகத்தார் மனம் இளகியதாலோ அன்று. தாம் உயிரோடிருந்த காலத்திலேயே, தம் படைப்புகளில் மிகப் பலவற்றின் ஏடுகளை, வேண்டுவோர் எல்லாம் காசின்றி எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தின் பொது நூலகத்தில் வைத்துவிட்டார் ஷெவ்ஸ்கி.

இது கண்டு முகம் சுளிப்போர் உளர். “விலையில்லாப் பொருளுக்கு மதிப்பு ஏது? ஒருவர் அள்ளிக் கொடுத்தால் மற்றவர் எப்படி விற்பது? கலையைக் கடைச்சரக்கினும் மலிவாக்கிவிடுகிறார்களே!” என்பது அவர்தம் புலம்பல். கடைச்சரக்கு என்ற சொல் அவர்கள் வாயிலிருந்தே வருவதைக் கவனியுங்கள். கலை வேறு, கடை வேறு என்று மேடையில் முழங்குவோர், கல்லாப்பெட்டியின் அருகே வந்ததும் இரண்டும் ஒன்றே என்கின்றனர்.

ஏடு என்றேனே, அதைச் சற்று விளக்க வேண்டும். மேலைநாட்டு அரங்க இசையில், எந்தக் கருவி எந்த நொடியில் எந்தச் சுரத்தை எவ்வளவு வலிமையோடு ஒலிக்க வேண்டும் என்பதைப் படைப்பாளர் கோடுகளின் மேல் குறித்து வைக்கிறார். அக்குறிப்புத் தொகுதியே ஏடு, ‘ஸ்கோர்’ என்பர். இசைத்தட்டைக் கேட்பது, பிறர் வீட்டு விருந்தின் மணத்தைத் தெருவில் நின்று முகர்வது போன்றது. ஏடு கையில் இருப்பவனுக்கே அடுப்பு மூட்டிச் சமைக்க இயலும். அது இல்லையேல் வாசிப்பவனுக்கு வாசிப்பு இல்லை. பயில்பவனுக்குப் பாடம் இல்லை.

அந்த ஏட்டின் நிலை என்ன? பெரிய இசைக்குழுவுக்கென எழுதப்பட்ட இக்காலப் படைப்புகள் பலவற்றின் கருவித் தாள்களை விலைக்குக்கூடத் தரமாட்டார்கள். வாடகைக்குத் தருவார்கள்! நிகழ்ச்சி முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மறு ஆண்டு அதே படைப்பை வாசிக்க விரும்பினால் மறுபடியும் வாடகை. வாடகை வீடு கேள்விப்பட்டிருக்கிறோம், வாடகை வண்டி கேள்விப்பட்டிருக்கிறோம். வாடகைத் தாள் இவர்கள் கண்ட புதுமை. செல்வம் கொழிக்கும் நகரத்துக் குழு இதைத் தாங்கும். சிற்றூர்ப் பள்ளியில் பத்து மாணவரைச் சேர்த்துக்கொண்டு அரும்பாடுபடும் ஆசிரியர் என் செய்வார்? இறந்து இருநூறாண்டு கழிந்தவர்களையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார். பிறகு, “இக்கால இசையை மக்கள் விரும்புவதில்லை” என்று பேரறிஞர்கள் கட்டுரை வரைவர்.

ஷெவ்ஸ்கி யார்? கூலிக்கு வழியற்று வீதியில் நின்றவர் அல்லர். 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, ஹார்வர்டிலும் பிரின்ஸ்டனிலும் பயின்று, பியானோ வாசிப்பில் வல்லவர் எனப் பெயர் பெற்றவர். 1966 ஆம் ஆண்டு ரோம் நகரில் தோழர்களுடன் கூடி மின்னொலி இசைக்குழு ஒன்றைத் தொடங்கியவர். 1977 முதல் 2003 வரை பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரத்து இசைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். பட்டமும் பதவியும் பெற்றவர்கள் செல்லும் பாட்டையில் அவரும் நடந்திருக்கலாம். ஆனால் அவர் செவி வேறு திசையில் திரும்பிற்று.

1971 ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்து ஆட்டிகா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். படை புகுந்து சுட்டது. கைதிகளும் காவலரும் மாண்டனர். மாண்ட கைதிகளுள் ஒருவரான சாம் மெல்வில், அதற்குச் சில திங்கள் முன்னர் எழுதிய கடிதத்தை எடுத்து இசையமைத்தார் ஷெவ்ஸ்கி. அந்தப் படைப்பின் ஏட்டைப் பார்த்தவர்க்கு ஒன்று புலப்படும். ஓயாது ஓடும் அடிச்சுர வரி ஒன்று. அதைச் சூழ்ந்து ஒலிக்க இன்ன கருவிதான் வேண்டும் என்ற கட்டளை இல்லை. வயலின் உடையவன் வயலினோடு வரலாம். குழல் உடையவன் குழலோடு வரலாம். எழுதும்போதே கதவைத் திறந்து வைத்து எழுதியவர், எழுதிய தாளுக்கு மட்டும் பூட்டுப் போடுவாரா?

1973 ஆம் ஆண்டு சிலி நாட்டில் செர்கியோ ஒர்தேகா ஒரு பாடல் புனைந்தார். மக்கள் ஒன்றுபட்டால் அவர்களை வெல்ல எவராலும் ஆகாது என்பது அதன் கருத்து. அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று பினோசே ஆட்சியைக் கவிழ்த்தான். பாடியோர் நாடு கடந்து வாழ நேர்ந்தது. 1975 ஆம் ஆண்டு அப்பாடலை அடிப்படையாகக் கொண்டு 36 விரிவுகளைப் பியானோவுக்கென எழுதினார் ஷெவ்ஸ்கி. வாசிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் அதனை, மறு ஆண்டு வாஷிங்டன் நகரில் உர்சுலா ஓப்பன்ஸ் அம்மையார் முதன்முதல் அரங்கேற்றினார். 2015 ஆம் ஆண்டு, எழுபத்தேழு வயதில், அதே படைப்பைப் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஷெவ்ஸ்கியே வாசித்தார். எங்கே? பளிங்கு மண்டபத்திலா? மீன் விற்கும் கடையில்! பனிக்கட்டியின்மேல் மீன் கிடக்க, வாங்க வந்தோர் நின்று கேட்க.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரும் படைப்பின் ஏட்டை ஜப்பானியப் பதிப்பகம் ஒன்று அச்சிட்டு விலைக்குத்தான் விற்றது. ஆகவே ஷெவ்ஸ்கி விற்பனைக்குப் பகைவர் அல்லர், நானும் அல்லேன். அச்சிட்டவன் தாளுக்கும் மைக்கும் உழைப்புக்கும் விலை கேட்கட்டும், கொடுப்போம். தானும் அச்சிடாமல், பிறரையும் படி எடுக்க விடாமல், கையிருப்புத் தீர்ந்த ஏட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு உரிமை பேசுகிறானே, அவனைத்தான் கேட்கிறேன்: வைக்கோற்போர் நாய்க்கும் உனக்கும் என்ன வேற்றுமை?

பூட்டும் பழக்கம் நேற்று வந்ததன்று. ரோமாபுரியில் போப்பாண்டவரின் சிஸ்டைன் ஆலயத்தில் ஆண்டுக்கு ஒரு முறை, புனித வாரத்தில் பாடப்பட்ட அல்லேக்ரியின் இசையைக் காத்துவைத்த கதை அனைவரும் அறிந்தது. 1770 ஆம் ஆண்டு, பதினான்கு வயது மொசார்ட் அதனைக் காதால் கேட்டு, விடுதிக்குத் திரும்பி, நினைவிலிருந்தே எழுதிவிட்டான். பெட்டிக்குப் பூட்டு உண்டு. சிறுவன் செவிக்குப் பூட்டுச் செய்யும் கொல்லன் இன்னும் பிறக்கவில்லை.

1498 ஆம் ஆண்டு வெனிஸ் நகராட்சி பெத்ரூச்சி என்ற அச்சகத்தாருக்கு ஒரு சலுகை வழங்கிற்று: 20 ஆண்டுகள் இவ்வகை இசை அச்சை அவர் ஒருவரே அங்குச் செய்யலாம், பிறர் செய்தால் குற்றம். வேடிக்கை என்னவெனில், 2006 ஆம் ஆண்டு இசை மாணவர் ஒருவர் தொடங்கிய இலவச இசையேட்டு நூலகத்துக்கு அந்தப் பெத்ரூச்சியின் பெயரே சூட்டப்பட்டது! ஷெவ்ஸ்கியின் ஏடுகள் இருப்பதும் அங்கேதான். தனியுரிமை பெற்றவன் பெயரால் பொதுவுரிமை தழைக்கிறது.

அது தழைக்கத் தொடங்கியதும் வந்தது கடிதம். 2007 அக்டோபரில், வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன் பதிப்பகத்தார், கனடாவிலிருந்து நடந்த அந்நூலகத்துக்கு வழக்கறிஞர் வாயிலாக ஓலை விடுத்தனர். கனடாவில் அன்று படைப்பாளர் இறந்து 50 ஆண்டு கழிந்தால் ஏடு பொதுவுடைமை, ஐரோப்பாவிலோ 70. 1945 இல் மறைந்த பார்டோக்கின் ஏடுகள் கனடாவில் 1996 முதல் யாவர்க்கும் சொந்தம். வியன்னாவில் 2015 முடியும்வரை பூட்டு. கனடாச் சட்டப்படி நடந்த மாணவரை, ஐரோப்பியச் சட்டத்தைக் காட்டி மிரட்டினர். வழக்காடப் பணம் இல்லாத மாணவர் நூலகத்தை மூடினார். 2008 ஜூன் 30 வரை, ஏறத்தாழ எட்டுத் திங்கள் அக்கதவு மூடிக்கிடந்தது. பின்னர் திறந்தது, இன்றும் திறந்திருக்கிறது. ஆனால் கனடா 2022 ஆம் ஆண்டு இறுதியில் தன் 50 ஐ 70 ஆக்கிக்கொண்டது. அமெரிக்காவும் 1998 இல் இருபதாண்டு கூட்டிக்கொண்ட நாடுதான்.

ஏன் கூட்டினீர்கள் என்று கேட்டால், “படைப்பாளரை ஊக்குவிக்க!” என்கிறார்கள். அடடா! கல்லறையில் உறங்குபவரை எழுப்பி, “ஐயா, உமக்கு மேலும் இருபதாண்டு கொடுத்திருக்கிறோம், இன்னொரு சிம்பொனி எழுதும்” என்பார்களா? பார்டோக் எழுந்து வந்து எழுதினாரா? ஊக்கம் பெற்றது உரிமையை வாங்கி வைத்திருப்பவன். செத்தவர் பெயரை அவன் கூவுகிறான்.

எதிர்த்தரப்பினர் கையில் வலுவான சான்று ஒன்று உண்டு; அதனை ஒளிப்பது நேர்மையாகாது. ஸ்ட்ராவின்ஸ்கி! ‘நெருப்புப் பறவை’ முதலிய அவருடைய புகழ்பெற்ற தொடக்ககாலப் படைப்புகளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை இல்லை. ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் அதற்கான ஒப்பந்தம் இல்லாததே காரணம். ஊரெல்லாம் அவர் இசையை வாசித்தது. அவர் கைக்கு வரவேண்டியது வரவில்லை. பழைய படைப்புகளைத் திருத்தி எழுதிப் புது உரிமை தேட வேண்டியதாயிற்று. 1947 ஆம் ஆண்டின் ‘பெட்ருஷ்கா’ அப்படி எழுந்ததே. அது அநீதிதான். ஆனால், நண்பர்களே, பறிகொடுத்தவனையும் வாரிக்கொடுத்தவனையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? ஸ்ட்ராவின்ஸ்கியிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. ஷெவ்ஸ்கியோ தாமே கொடுத்தார். முன்னவர்க்கு நேர்ந்த அநீதியைக் காட்டிப் பின்னவரின் கையைப் பிடிப்பது, வழிப்பறி நடக்கும் ஊரில் ஈகைக்குத் தடை போடுவதற்கு ஒப்பாகும்.

“அவருக்குக் கல்லூரிச் சம்பளம் இருந்தது, கொடுத்தார், சம்பளம் இல்லாதவன்?” என்று கேட்பர். நியாயமான கேள்வி. இளம் படைப்பாளன் ஏட்டை விற்றுத்தான் உண்ண வேண்டுமெனில் விற்கட்டும். எவனும் குறை கூறமாட்டான். ஆனால் தாளை விற்பது ஒன்று, அரங்கில் வாசிப்பதற்கு உரிய பங்கு மற்றொன்று. தாளை இலவசமாகத் தந்தவன், அரங்கப் பங்கையும் இழந்தாக வேண்டும் என்ற விதி இல்லை. 2002 முதல் வழங்கும் பொதுவுரிமை ஒப்பங்களில், “என் பெயரை நீக்காதே, என் படைப்பை வணிகமாக்காதே” என்று வரம்பு கட்டவும் இடமுண்டு. வாசிக்கப்படாத ஏட்டுக்கோ இரண்டுமே இல்லை. மேசை அறையில் அது கறையானுக்குத்தான் வருவாய்.

இனி, திறந்து வைத்தோரிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

கதவைத் திறந்தால் போதாது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். இணையத்தில் ஏடுகளைக் கொட்டுகிறார்கள் இன்றைய இளம் படைப்பாளர் பலர். எது முந்தியது, எது திருத்தியது, எத்தனை கருவிக்கு, எவ்வளவு நேரத்துக்கு, எதைத் தாமே விலக்கிவிட்டார் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. குவியல் வேறு, கொடை வேறு. “பட்டியல் எழுதுவது தற்பெருமை, காலம் எழுதட்டும்” என்று அடக்கம் பேசுவார்கள். காலம் எழுதிய அழகைப் பார்ப்போமா? ஷூபர்ட் 1828 இல் இறந்தார். அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனி, அண்ணன் வீட்டுத் தாள்கட்டுக்குள் கிடந்தது. அங்குச் சென்ற ஷூமன் கண்ணில் பட்டு, 1839 இல்தான் லைப்சிக்கில் மெண்டல்சன் கையால் அரங்கேறிற்று. அவருடைய படைப்புகளின் முழுப் பட்டியலை டாய்ட்ச் வெளியிட்ட ஆண்டு 1951! மொசார்ட்டுக்கோ, அவர் இறந்து 71 ஆண்டு கழித்து, 1862 இல், கனிமமும் தாவரமும் ஆராய்ந்த கோஹெல் என்ற இசையன்பர் 626 எண்கள் கொண்ட பட்டியலைத் தந்தார். அவருக்கு அந்த வேலையை ஓரளவேனும் எளிதாக்கியவர் யார்? மொசார்ட்டேதான்.

1784 பிப்ரவரி 9 அன்று ஒரு குறிப்பேட்டை எடுத்து, “என் படைப்புகள் எல்லாவற்றின் பட்டியல்” எனத் தலைப்பிட்டு எழுதத் தொடங்கினார். இடப்பக்கம் நாளும் பெயரும் கருவிகளும். வலப்பக்கம் இசையின் தொடக்கச் சுரங்கள். 1791 நவம்பர் வரை, அதாவது சாவுக்குச் சில வாரங்கள் முன்வரை, எழுதினார். கடன் நெருக்கியபோதும் எழுதினார். இதைத் தற்பெருமை என்பவர் கணக்குப்பிள்ளையையும் கர்வி என்பார்.

1787 ஆகஸ்ட் 10 ஆம் நாளுக்குரிய வரியில், உலகமே இன்று முணுமுணுக்கும் அந்த ‘இரவுச் சிற்றிசை’யைக் குறித்திருக்கிறார். அதில் ஐந்து பகுதிகள் என்று அவர் கை எழுதியிருக்கிறது. நம்மிடம் இருப்பவை நான்கு. மினுவெட் என்னும் நடனப் பகுதி ஒன்றைக் காணோம். யார் எடுத்தார், எங்கே போயிற்று என்பது தெரியாது. மறு ஆண்டு அவர் குறித்த சிறு படைநடை இசை ஒன்று முழுவதுமே மறைந்துவிட்டது. கோஹெல் அதற்கு 544 என எண் கொடுத்து வைத்தார். குறிப்பேடு இப்பொழுது லண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அந்த வரி இல்லாதிருந்தால், களவு போனது என்றுகூட நமக்குத் தெரிந்திராது.