கம்பம் ஏறாத லைன்மேன்

'லைன்மேன்'னு சொன்னதும் கரன்ட் கம்பத்துல ஏர்றவர்தானே ஞாபகத்துக்கு வர்றார்? இவர் வேற லைன்மேன். பேரு பில் வில்லிஸ். அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துக்காரர்.

அமெரிக்கன் ஃபுட்பால்ல பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுவாங்க. அவங்களுக்கு வழி திறந்து விடுறதும், எதிரணியை மறிக்கிறதும்தான் லைன்மேன் வேலை. முட்டி மோதுறது இவர், கைதட்டல் ஓடுறவருக்கு!

1942-ல தேசிய சாம்பியன் ஆன ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி டீம்ல வில்லிஸ் இருந்தார். ஆனா, காலேஜ் முடிச்சதும் எந்த என்.எஃப்.எல். டீமும் கூப்பிடலை. காரணம்? அவர் கறுப்பினத்தவர். 1934-லிருந்து 1945 வரை அங்கே ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது. எழுதாத சட்டம்!

1946-ல அவரோட பழைய காலேஜ் கோச் பால் பிரவுன், புது லீக்ல க்ளீவ்லாண்ட் பிரவுன்ஸ் டீமை ஆரம்பிச்சார். பயிற்சிக்கு வந்த வில்லிஸை, பந்தைப் பின்னாடி கொடுக்கிற சென்டருக்கு நேர் எதிர்ல நிறுத்தினாங்க. பந்து அசைஞ்சதும் ஆள் உள்ளே! முன்கூட்டியே பாயறார்னு சென்டர் புகார் சொல்ல, கோச் உத்துப் பார்த்தார். தப்பே இல்லை. ரகசியம் இதுதான்... பந்தைக் கொடுக்கறதுக்கு முன்னாடி சென்டரோட விரல் லேசா இறுகும். வில்லிஸ் கண்ணு அங்கேயே இருந்தது!

டீம்ல இடம் கிடைச்சது. கூடவே மரியன் மோட்லின்னு இன்னொரு கறுப்பின வீரரும் சேர்ந்தார். அதே வருஷம் என்.எஃப்.எல்.லயும் ராம்ஸ் டீம் ரெண்டு பேரை எடுத்தது. பேஸ்பால்ல ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்குக்கு வந்தது அடுத்த வருஷம்தான். ஆனா அவமானம் தீரலை. 1946 டிசம்பர்ல மயாமி மேட்சுக்கு இந்த ரெண்டு பேரும் போகலை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆட ஃப்ளோரிடாவுல அப்போ தடை!

1950-ல பிரவுன்ஸ் என்.எஃப்.எல்.லுக்குள்ள வந்தது. நியூயார்க் ஜெயன்ட்ஸோட பிளே-ஆஃப். பிரவுன்ஸ் 3-0. கடைசிக் கட்டத்துல ஜீன் ராபர்ட்ஸ் பந்தோட பறந்துட்டார். பின்னாலயே துரத்தின வில்லிஸ், கோட்டுக்கு 4 கெஜம் இருக்கும்போது சாய்ச்சார். டச்டவுன் போச்சு. 8-3-ல ஜெயிச்ச பிரவுன்ஸ், அடுத்த வாரமே ராம்ஸை 30-28-ல வீழ்த்தி சாம்பியன்!

1953-ல ஆட்டத்தை விட்ட வில்லிஸ், அப்புறம் ஒஹையோ இளைஞர்களுக்காக வேலை பார்த்தார். 1977-ல ஹால் ஆஃப் ஃபேம். 2007-ல மறைந்தார்.

அந்த மேட்ச்சோட ஸ்கோரைப் பாருங்க. வில்லிஸ் ஓடின ஓட்டத்துக்கு ஒரு பாயின்ட்டும் இருக்காது. ஆனா, அவர் ஓடலைன்னா..?