பனிமலையில் வழித்துணை

வழித்துணை என்னும் சொல்லை நாம் அன்றாடம் வழங்குகிறோம். தனியே ஊருக்குப் புறப்படும் முதியவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, அடுத்த இருக்கையில் இருப்பவரிடம் 'சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிறோம். அச்சொல்லின் பாதிப் பொருளே அங்கு நிறைவேறுகிறது. முழுப்பொருளைக் காண விழைவோர், பனி மூடிய மலைகளைக் கால்நடையாகக் கடப்போரின் செய்திகளைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்றொரு நெடும்பாதை உள்ளது. மெக்சிகோ எல்லையில் தொடங்கி, கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் ஆகிய மாநிலங்களை ஊடறுத்துக் கனடா எல்லையில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 2,650 மைல். 1968-இல் சட்டத்தின்வழி தேசியப் பாதையாக அறிவிக்கப்பெற்ற இது, 1993-இல்தான் முழுமையுற்றது. முழுவதையும் ஒரே பருவத்தில் நடந்து முடிக்க நான்கைந்து திங்கள் வேண்டும். தெற்கிலிருந்து புறப்படுவோர் முதல் 700 மைல் வரை வெயிலையும் தாகத்தையுமே அறிவர். அதன்பின் சியரா நெவாடா எதிர்ப்படுகிறது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்குப் பனிமலைத்தொடர் என்பது பொருள். பாதையின் மிக உயர்ந்த இடமான ஃபாரெஸ்டர் கணவாய், கடல்மட்டத்திலிருந்து 13,000 அடிக்கு மேல் இருக்கிறது. பனி மிகுந்த ஆண்டுகளில் ஜூலையிலும் பாதை கண்ணுக்குப் புலப்படாது.

நாம் அங்கு நடந்ததில்லை. கொடைக்கானல் குளிருக்கு மேற்பட்ட குளிரை நம் உடல் அறியாது. நாம் கூறுவன படித்தறிந்தவையும், நம் கல்லூரியில் வேதியியல் பயின்று நம்மிடம் பொதுத்தமிழ் கற்ற மாணவர் ஒருவர் நேரில் உரைத்தவையுமே. அவர் கலிஃபோர்னியாவில் பணிபுரிந்த காலத்தில், 2019 ஜூனில், மூன்று வார விடுப்பெடுத்து அப்பாதையின் சியராப் பகுதியில் நடந்தார்.

பனியில் நடப்பதற்கென்று தனி நேரக்கணக்கு உண்டு. இரவுக் குளிரில் இறுகிய பனி, விடியலில் பாறைபோல் காலைத் தாங்கும். நண்பகலில் இளகி, தொடை வரை உள்ளே இழுக்கும். ஆகவே பயணியர் பின்னிரவு மூன்று மணிக்கே எழுந்து, தலைவிளக்கின் ஒளியில் புறப்படுகின்றனர். செங்குத்துச் சரிவில் முன்செல்பவர் காலால் உதைத்து உதைத்துப் படி வெட்டுகிறார். பின்வருவோர் அதே படியில் கால் வைக்கின்றனர். முன்னவர் களைத்ததும் ஒதுங்கி நிற்க, அடுத்தவர் முன்னே போகிறார். பதினான்காம் நூற்றாண்டில் இந்துகுஷ் மலையைக் கடந்த இப்னு பதூதா, ஒட்டகங்கள் பனியில் புதையாதிருக்க அவற்றின் முன்னே கம்பளங்கள் விரிக்கப்பட்டதை எழுதிவைத்தார். இங்கோ கம்பளமும் மனிதரே.

இவர்கள் ஒருவரையொருவர் இயற்பெயரால் அழைப்பதில்லை. வழியில் உடன்வருவோர் சூட்டிய பெயரே வழங்குகிறது. நம் மாணவருடன் நடந்தவர் மூவர். அவருள் ஒருவர் இரண்டாம் நாளே கரண்டியைத் தொலைத்துவிட்டுக் கூடாரம் அடிக்கும் முளையால் கஞ்சி உண்டார். அன்றுமுதல் அவர் பெயர் 'கரண்டி'. மருத்துவரா, தச்சரா, எவ்வளவு ஈட்டுகிறார் என்று எவரும் வினவவில்லையாம். நம் திருமண விருந்துகளில் முதல் வினாவே அதுவன்றோ!

கிளென் கணவாயின் அடிவாரத்தில், காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முட்சங்கிலி கரண்டிக்கு அறுந்துபோயிற்று. அதன்றிப் பனிச்சரிவில் இறங்குவது உயிருக்கு உலை. நால்வரும் சற்று நேரம் பேசாது நின்றனர். பின்னர் நால்வருமே திரும்பினர். வேறொரு கணவாய் வழியாக இறங்கி, பிஷப் நகர் சென்று, புதியது வாங்கி மீண்டனர். இரண்டு நாட்கள் கழிந்தன. விடுப்பு எண்ணப்பட்டதாகையால் நம் மாணவர் தாம் எண்ணிவந்த இடத்தை அடையாமலே பயணத்தை முடிக்க நேர்ந்தது.

இச்செய்தியைத் துறையில் பகிர்ந்தபோது, நம் இளைய பேராசிரியர் ஒருவர் ஒப்பவில்லை. "அறுந்தது ஒருவருடைய சங்கிலி. துணைக்கு ஒருவர் போதாதா? மற்ற இருவர் ஏன் பயணத்தை இழக்க வேண்டும்?" என்றார். அவர் கூற்றைத் தள்ளிவிடுவதற்கில்லை. அப்பாதையினரிடையே 'உன் நடையை நீ நட' என்றொரு வழக்கும் உண்டு. எத்தனை மைல் நடப்பது, எங்கே தங்குவது, எதைச் சுமப்பது என்பனவற்றில் பிறர் தலையிடலாகாது என்பது அதன் கருத்து. அஃது ஏற்புடையதே. ஆனால் பனிச்சரிவிற்கு அதனை நீட்டுவது தவறென்பது நம் துணிபு. இருவர் செல்கையில் ஒருவர் விழுந்து கால் முறிந்தால், மற்றவர் அருகிருப்பதா, உதவி தேடி ஓடுவதா? நால்வராயின் ஒருவர் காயமுற்றவருடன் தங்க, இருவர் சேர்ந்து செல்லலாம். செயற்கைக்கோள்வழி உதவி கோரும் கருவிகள் இன்று உள்ளன. எனினும் புயல் வீசும்போது ஹெலிகாப்டர் வருவதில்லை. பிரிந்திருந்தால் கரண்டிக்கு மட்டுமன்று, முன்சென்ற இருவருக்கும் இடர் பெருகியிருக்கும்.

பனியைக் காட்டிலும் பனி உருகிய நீரே கொடியது. 2017-ஆம் ஆண்டு சியராவில் பெரும்பனி. அக்கோடையில் இப்பாதையில் நடந்த இரு பெண்கள் வெவ்வேறிடங்களில் ஆற்றைக் கடக்கையில் உயிரிழந்தனர். இருவருமே அப்போது தனியே இருந்தனர். ஆற்றைக் கடக்க விடியற்காலையே தக்கது; இரவில் உருகுதல் குறைவாதலால் நீரும் தாழ்ந்திருக்கும். முதுகுச்சுமையின் இடைவாரைத் தளர்த்திவிட வேண்டும். விழுந்தால் சுமை நம்மை அமிழ்த்திவிடும். குழுவாயின் வலியவர் முன்னின்று நீரின் வேகத்தை உடைக்க, ஏனையோர் அவர் பின்னே ஒருவரையொருவர் பற்றியவாறு பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கின்றனர்.

குழு என்பதனாலேயே காப்பு வந்துவிடுகிறதா? இல்லை. நால்வர் கூடின், அச்சம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் இருக்க, 'மற்றவர் துணிந்துவிட்டார்' என்றெண்ணி ஒவ்வொருவரும் வாய்மூடி நடப்பதுமுண்டு. கிளென் அடிவாரத்தில் 'திரும்பலாம்' என்று முதலில் கூறியவர் யாரென வினவினோம். குழுவில் மிக விரைந்து நடப்பவராம். அதுவே நமக்கு வியப்பளித்தது. பின்தங்கி நடப்பவர் அதனைச் சொல்லியிருந்தால் கெஞ்சுதலாகியிருக்கும். கரண்டி தாமே சொல்லியிருந்தால் நாணம் தின்றிருக்கும். வலியவர் சொன்னதால் எவர் முகமும் வாடவில்லை.

மலைபடுகடாம் கற்பிக்கும்தோறும் நமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு: பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தனுக்கு மலைவழியை இத்துணை நுணுக்கமாக ஏன் உரைக்க வேண்டும்? பன்றிக்கு வைத்த பொறி, தினைக்காவலர் எறியும் கவண்கல், சுனையருகே வழுக்கும் பாறை என்று ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்கிறான். நன்னனைப் புகழ்வதற்கு அவ்வளவும் தேவையில்லையே. சியராவில் வடக்கிலிருந்து வருவோர் எதிர்ப்படும்போதெல்லாம் நின்று, எந்த ஓடையில் இடுப்பளவு நீர், எந்தப் பனிப்பாலம் உள்ளீடற்றது, விழுந்த மரம் எங்கே பாலமாகக் கிடக்கிறது என்று உரைத்துவிட்டே நகர்வர் என்பதை மாணவர்வழிக் கேட்டபின் அவ்வையம் தீர்ந்தது. இவ்வாண்டு வகுப்பில் அப்பகுதியை வேறுவிதமாகவே நடத்தினோம்.

விடைபெறுமுன் நம் மாணவரிடம் கரண்டியின் இயற்பெயரைக் கேட்டோம். சற்று யோசித்தார். தெரியாது என்றார்; அவருக்கும் தம் பெயர் தெரியாதாம். எனினும் தம்மிடமிருந்த மிகைக் கரண்டியை அவருக்குக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொல்லிச் சிரித்தார்.