பற்றாசும் மூச்சும்

இளம்பிள்ளையிலிருந்து தாயொருவர் நமக்கு ஒரு மடல் வரைந்துள்ளார். தறியோசையிடையே வளர்ந்த அவருடைய மகன் இப்பொழுது சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையொன்றில் வேலை பழகுகிறானாம். மின் சிகரெட் பழக்கமுள்ள நண்பன் ஒருவன், அதனுள் நீர்மத்தை ஆவியாக்கும் சிறு கம்பிச்சுருளைச் செய்து தரும்படி அவனை வேண்டியிருக்கிறான். "கள்ளத்தனமாக விற்பது மட்டமான சரக்கம்மா; நல்ல கம்பியும் நல்ல பற்றாசும் கொண்டு நானே செய்தால் என்ன தீங்கு?" என்பது மகனின் வாதம். எந்த உலோகம் தீங்கற்றது என்று அன்னை வினவுகிறார்.

பையனை ஏசுவதில் பயனில்லை. அவனுக்குத் தொழிலறிவு உண்டு. ஆகவே அவனது பட்டறையிலிருந்தே தொடங்குவோம்.

வெள்ளி 961 பாகை சென்டிகிரேடில் உருகும். கொலுசின் கண்ணிகளை இணைக்கையில் வெள்ளி உருகிவிடலாகாது. எனவே அதற்கு முந்தி உருகும் பற்றாசை வைத்து, வெண்காரம் இட்டுத் தீயை ஊதுகிறார்கள். பற்றாசு எளிதில் உருகுவதற்காக அதில் காட்மியம் கலப்பது உலகெங்கும் நெடுநாள் நிலவிய வழக்கம். நகைக் கடைகளில் நாம் கேட்டுப் பழகிய 'கே.டி.எம்.' என்ற சொல்லும் காட்மியத்தைக் குறித்ததே. இவ்வுலோகம் 767 பாகையில் கொதித்து ஆவியாகும். ஊதுகுழலின் சுடரோ அதனினும் வெம்மை மிக்கது. அப்புகையைச் சுவாசித்தவர் உடனே ஒன்றும் உணரார். வீடு திரும்பிச் சில மணி நேரம் கழிந்த பின்னரே காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் தோன்றும். சளிக்காய்ச்சல் என்றெண்ணிப் படுத்தவர் நுரையீரல் புண்பட்டு மாண்டதும் உண்டு. சிறுகச் சிறுகச் சேரின் சிறுநீரகம் கெடும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1993-இல் இதைப் புற்றுநோய் விளைப்பவற்றுள் சேர்த்தது.

கையில் இருக்கையில் ஒரு பொருள் தீங்கற்றதா என்பது ஒரு கேள்வி. சூடேறி மூச்சில் கலந்தால் தீங்கற்றதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. மகன் முதற் கேள்வியை மட்டுமே எண்ணியிருக்கிறான்.

மின் சிகரெட்டின் சுருள் பெரும்பாலும் நிக்கல், குரோமியம் கலந்த கம்பி. மின்னடுப்பில் உள்ளதும் அதுவே. ஆனால் மின்னடுப்பின் மேல் வாய் வைத்து எவரும் மூச்சிழுப்பதில்லை! 2013-இல் அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கருவிகளைப் பிரித்துப் பார்த்தனர். சுருளோடு வெள்ளி பூசிய செப்புக் கம்பி இணைந்திருந்தது. சில இணைப்புகளில் வெள்ளீயப் பற்றாசு. வெளிவந்த ஆவியிலோ வெள்ளீயம், வெள்ளி, இரும்பு, நிக்கல் ஆகியவற்றின் நுண்துகள்கள் இருந்தன.

பற்றாசே இன்றி முறுக்கி இணைத்தால் என்ன என்று மகன் கேட்கக்கூடும். 2018-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், 56 பேர் நாள்தோறும் பயன்படுத்திய கருவிகளைச் சோதித்தனர். சுருளைத் தொடுமுன் நீர்மத்தில் மிகக் குறைவாயிருந்த ஈயமும் குரோமியமும் நிக்கலும், சூடேறிய பின் பன்மடங்காயின. எவர்சில்வர் கம்பி என்றாலும் அதிலும் குரோமியம் உண்டு. பெரும்பாலும் நிக்கலும் உண்டு. உலோகத்தை விட்டாலும் நிக்கோடினும் நீர்மமும் எஞ்சுகின்றன. வைட்டமின் ஈ-யின் ஒருவகை எண்ணெய், உண்பதற்கும் தோலில் பூசுவதற்கும் ஏற்றதே. அதைக் கலந்து ஆவியாக இழுத்ததே அமெரிக்காவில் 2019-இல் பரவிய நுரையீரல் நோய்க்கு முதன்மைக் காரணமெனக் கண்டனர். 2020 பிப்ரவரிக்குள் அந்நோயால் மாண்டோர் 68 பேர்.

ஆகவே, அம்மா, தாங்கள் கேட்ட உலோகம் இல்லை.

சட்டமும் அறிய வேண்டியதொன்று. தமிழகம் 2018-இல் மின் சிகரெட்டைத் தடை செய்தது. 2019-இல் நடுவணரசின் சட்டம் வந்தது. முழுக் கருவியை மட்டுமன்று, அதன் உறுப்பு எதையும் செய்வதே குற்றம். முதன்முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஓரிலட்ச ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டுமே. நண்பனுக்காகச் செய்தேன் என்பதால் விலக்கில்லை. அந்நண்பன் பழக்கத்தை விட விரும்பினால் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் உண்டு.

சொல்லப்போனால், சுருளைவிட அவசரமான கவலை வேறொன்று. அவன் நாள்தோறும் ஊதும் பற்றாசில் என்ன கலந்திருக்கிறது என்று இன்றே கேளுங்கள். வெள்ளி, செம்பு, துத்தநாகம் மட்டும் சேர்ந்த, காட்மியம் கலவாத பற்றாசு உண்டு. சற்றே மிகுந்த வெப்பம் வேண்டும், அவ்வளவே. துத்தநாகப் புகையும் காய்ச்சல் தரும். ஆனால் அது ஓரிரு நாளில் தணியும். முகத்தில் கட்டும் துணி இப்புகையைத் தடுக்காது. சன்னலருகே அமர்ந்து, புகை முகத்துக்கு வராமல் வெளியே இழுக்கும் விசிறி வைத்து, சுடரின் மேல் குனியாமல் ஊதச் சொல்லுங்கள். வேலை முடிந்த இரவில் அவனுக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டால், கஷாயம் வைத்துக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அன்று என்ன உலோகத்தை உருக்கினான் என்பதை மருத்துவரிடம் முதலில் கூறுங்கள்.