அறத்துக்கு எழுதிய பணத்துக்குக் கணக்கு எங்கே?

திண்டுக்கல் மாவட்டத்தில் எத்தனை பொது அறக்கட்டளைகள் பதிவாகியிருக்கின்றன? அவற்றில் எத்தனை இன்று செயல்படுகின்றன? செயல்படாதவற்றின் பெயரில் எவ்வளவு பணமும் நிலமும் கட்டடமும் முடங்கிக் கிடக்கின்றன? இவற்றுக்கு விடை சொல்லும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் இல்லை. பதிவுத் துறை ஆவணத்தைப் பதிகிறது. வருவாய்த் துறை நிலத்தைப் பார்க்கிறது. வருமான வரித் துறை வரிவிலக்கைப் பார்க்கிறது. அறநிலையத் துறை தன் பட்டியலில் உள்ளதைப் பார்க்கிறது. எழுதி வைத்த தர்மம் நடந்ததா என்று பார்க்க ஆளில்லை.

இது கண்டிக்கத்தக்கது. அரசுக்குத் தெரியாமல் நேர்ந்ததும் இல்லை. ஆட்சிகள் மாறின. ஆட்சியர்கள் மாறினார்கள். முடங்கிய பணம் முடங்கியபடியே இருக்கிறது.

தோல், புகையிலை, பூட்டு, நூல் என்று இந்த ஊரில் பணம் பார்த்தவர்கள் பலர், தங்கள் காலத்துக்குப் பிறகும் நடக்கட்டும் என்று தர்மம் எழுதி வைத்தார்கள். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு, கோடையில் தண்ணீர்ப் பந்தலுக்கு, வெளியூர்க்காரர் தங்கும் சத்திரத்துக்கு, அநாதைப் பிணங்களின் அடக்கத்துக்கு. அதற்கென்று இரண்டு கடைகளின் வாடகையையோ, ஒரு தோட்டத்தின் குத்தகையையோ, வங்கியில் ஒரு வைப்புத்தொகையையோ ஒதுக்கினார்கள்.

அந்த அறம் சாகும் விதம் ஊருக்கே தெரியும். முதல் அறங்காவலர் காலமாகிறார். அடுத்தவரை யார் நியமிப்பது என்பதில் தகராறு வருகிறது. கடை வாடகை அந்தக் காலத்து வாடகையாகவே நின்றுவிடுகிறது. குடியிருப்பவர் அதை உள்வாடகைக்கு விட்டுப் பணம் பார்க்கிறார். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போட ஆளில்லை. இரண்டு ஆண்டுகள் வரவு செலவு நடக்காவிட்டால் அது செயல்படாக் கணக்கு. பத்து ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால் அந்தப் பணம் 2014ல் ரிசர்வ் வங்கி தொடங்கிய வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்ச் சேர்கிறது. நாகல் நகர்ப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வைத்த பணம் மும்பைக்குப் போகிறது. உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்பது விதி. கேட்க வேண்டியவர் இறந்துவிட்டார். அவர் இடத்தில் நின்று கேட்க வேண்டிய அரசு கேட்கவில்லை.

ஊர்க்காரர் ஒருவர் துணிந்து விசாரிக்கப் போனால் என்ன ஆகிறது? சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலம், கட்டடம் சம்பந்தப்பட்ட ஆவணங்கள் 1ஆம் புத்தகத்தில் பதிவாகின்றன. அதை யாரும் மனுப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் சொத்தின் விவரமோ எழுதியவர் பெயரோ தெரிந்திருக்க வேண்டும். 'கல்விக்கு எழுதிய தர்மங்கள்' என்று தேட வழியில்லை. அசையாச் சொத்து இல்லாமல் ரொக்கத்தை மட்டும் வைத்து எழுதிய அறக்கட்டளை ஆவணம் 4ஆம் புத்தகத்துக்குப் போகிறது. பதிவுச் சட்டத்தின் 57ஆவது பிரிவுப்படி அதன் நகல் எழுதியவருக்கும் அவர் வழியில் உரிமை உள்ளவருக்கும் மட்டுமே கிடைக்கும். ஊருக்காக எழுதிய ஆவணத்தை ஊர் பார்க்க முடியாது. தர்மத்தின் பலனுக்கு உரியவரை வெளியாள் என்று திருப்பி அனுப்பும் இந்த ஏற்பாட்டை இத்தனை காலம் திருத்தாமல் வைத்திருப்பதற்குப் பதிவுத் துறை வெட்கப்பட வேண்டும்.

அதிகாரம் இல்லை என்று யாரும் கை விரிக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு, பொது அறக்கட்டளையில் நம்பிக்கை மீறல் நடந்தாலும் நிர்வாகத்துக்கு நீதிமன்ற வழிகாட்டல் தேவைப்பட்டாலும் வழக்குத் தொடர வழி செய்கிறது. அட்வகேட் ஜெனரல் தொடரலாம். அக்கறை உள்ள இருவர் நீதிமன்ற அனுமதியோடு தொடரலாம். 93ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. மாநில அரசின் முன் அனுமதியோடு அட்வகேட் ஜெனரலின் அந்த அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரே பயன்படுத்தலாம். பழைய நோக்கம் காலாவதியாகிவிட்டது என்ற சாக்கும் எடுபடாது. மாட்டு வண்டிப் பயணிகளின் சத்திரத்துக்கு இன்று தேவையில்லை என்றால், அதன் வருமானத்தை அதற்கு மிக நெருங்கிய வேறு பொதுப்பயனுக்குத் திருப்ப நீதிமன்றத்துக்கு அதே 92ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. அதோடு 1920ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டப்படி, அறநிலையத் துறை வரம்புக்கு வெளியே உள்ள அறக்கட்டளையின் சொத்து விவரத்தையும் கணக்கையும் கேட்டு மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

சாவி ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. திறக்காதது யார் குற்றம்?

இந்த வழியில் நடந்து காட்டிய முன்மாதிரி நம்மிடமே உண்டு. பச்சையப்ப முதலியார் 1794ல் காலமானார். தம் செல்வத்தின் பெரும்பகுதியைக் கோயில் காரியங்களுக்கும் தர்மங்களுக்கும் எழுதி வைத்திருந்தார். உறவினரும் நிர்வாகிகளும் வழக்காடியதில் பல ஆண்டுகள் தர்மம் நடக்கவில்லை. பணம் மட்டும் வட்டியோடு பெருகிக் கிடந்தது. சென்னையின் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் அதைக் கையில் எடுத்தார். அன்று சென்னையில் இருந்த உச்ச நீதிமன்றம் ஒரு திட்டம் வகுத்தது. எழுதி வைத்த தர்மங்கள் போக மிஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பியது. 1842ல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி திறந்தது. பின்னால் அது கல்லூரியாக வளர்ந்து, தலைமுறை தலைமுறையாக ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியது. கம்பெனி ஆட்சியின் அதிகாரி ஒருவர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தியதால் அது நடந்தது. நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் நம் அதிகாரிகள் அதே அதிகாரத்தை ஏன் கையில் எடுப்பதில்லை?

தொலைவுக்குப் போகவும் வேண்டாம். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் 1947ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராம அறக்கட்டளையின் பணியிலிருந்து ஒரு மருத்துவமனை வந்தது, பள்ளிகள் வந்தன, ஒரு பல்கலைக்கழகம் வந்தது. நோக்கமும் நிர்வாகமும் உயிரோடு இருந்தால் அறக்கட்டளைப் பணம் என்ன செய்யும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று நிற்கிறது.

சட்டமன்றமும் பதில் சொல்ல வேண்டும். 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பொது தர்மங்கள் அதில் அடங்கா. அந்த இடைவெளியை அன்றைய பம்பாய் மாகாணம் 1950லேயே பொது அறக்கட்டளைச் சட்டம் இயற்றி அடைத்தது. அறக்கொடை ஆணையர் என்ற அதிகாரியும், கட்டாயப் பதிவேடும், தணிக்கையும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் இன்றும் நடைமுறையில் உள்ளன. தமிழ்நாட்டில் எல்லாப் பொது அறக்கட்டளைகளையும் ஒரே பதிவேட்டில் கொண்டுவரும் அப்படி ஒரு சட்டம் இல்லை. முக்கால் நூற்றாண்டு போதாதா? இங்கிலாந்தில் அறக்கொடை ஆணையம் 2018ல் ஒரு திட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளாக வரவும் செலவும் இல்லாத அறக்கட்டளைகளையும், வருமானத்தில் 30 சதவீதம்கூடச் செலவிடாதவற்றையும் தேடிப் பிடித்து, அறங்காவலர்களுக்குக் கடிதம் எழுதி, முடங்கிய பணத்தை வட்டார நிதியங்கள் வழியாக உள்ளூர் மக்களுக்கே திருப்பியது. இதுவரை 10 கோடி பவுண்டுக்கு மேல் விடுபட்டிருக்கிறது. அங்கே ஆணையத்திடம் பதிவேடு இருந்தது. இங்கே அதுவே இல்லை.

கோயில் உண்டியல் பணத்தைப் பற்றி இங்கே பேசவில்லை. அது தனி விவகாரம். பழநி உள்ளிட்ட கோயில்களின் நிதியில் திருமண மண்டபம் கட்டும் அரசாணைகளை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஆகஸ்டில் ரத்து செய்தது. எந்த நோக்கத்துக்குக் கொடுத்த பணமோ அந்த நோக்கத்துக்கே செலவாக வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த நெறியை முழுமையாக ஏற்கிறோம். அதே நெறிதான் முடங்கிய தர்மங்களுக்கும். நோக்கத்தை மாற்றுவது தவறென்றால், நோக்கத்தை நிறைவேற்றாமல் பணத்தைப் பூட்டி வைப்பதும் தவறு.

தனியார் அறங்காவலர்கள் மேல் பழியைப் போட்டு அரசு ஒதுங்கவும் முடியாது. அரசே சட்டம் போட்டு உருவாக்கிய அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. கனிமச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சுரங்கமும் குவாரியும் நடக்கும் மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைய வேண்டும். குத்தகைதாரர்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகையோடு, அதில் 10 முதல் 30 சதவீதம் வரை கணக்கிட்டு இந்த அறக்கட்டளைக்கும் செலுத்த வேண்டும். பணம் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் சேர வேண்டும். ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி குறைந்தது 70 சதவீதம் குடிநீர், சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் போன்ற முதன்மைத் தேவைகளுக்குச் செலவாக வேண்டும். சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் உள்ள பகுதி நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி. இந்த நிதியை மாநிலக் கருவூலத்துக்கு மாற்றக் கூடாது என்று ஒன்றிய அரசு 2021ல் உத்தரவிட்டது. அறக்கட்டளையின் தலைவர் மாவட்ட ஆட்சியர்.

நாடு முழுவதும் இந்த நிதியில் சேர்ந்தது 1 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. செலவானது அதில் பாதியைச் சற்றே கடந்த தொகை. மிச்சம் வங்கியில் தூங்குகிறது.

குஜிலியம்பாறை வட்டத்தில் கரிக்காலிப் பகுதியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். மாவட்டம் முழுக்கக் கல்குவாரிகளும் கிரஷர்களும் ஓடுகின்றன. குவாரியை ஒட்டிய தோட்டத்தில் முருங்கை இலையைத் தொட்டால் விரலில் வெள்ளைத் தூசி ஒட்டும். வெடி வைக்கும் நேரத்தில் வீட்டுச் சுவர் அதிரும். கிணற்றில் நீர் இறங்கிக்கொண்டே போகும். அந்தத் தூசிக்கும் அதிர்ச்சிக்கும் வற்றிய கிணற்றுக்கும் ஈடாகத்தான் இந்தப் பணம் வசூலாகிறது. பெறுகிறவர்களுக்கு இது சலுகை கிடையாது. அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி. எந்த ஊருக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு மிச்சம் என்பதை அந்த ஊர்க்காரர் கேட்டு அலையக் கூடாது. நிர்வாகம் அவர் வாசலுக்கு வந்து சொல்ல வேண்டும். வழிகாட்டுதல்களே வரவையும் செலவையும் பயனாளிகளையும் இணையதளத்தில் வெளியிடச் சொல்கின்றன. நாடு முழுவதும் இப்படித்தான் என்று சராசரியைக் காட்டித் திண்டுக்கல் தப்பக் கூடாது. இந்த மாவட்டத்தின் கணக்கு தனியே, ஊர்வாரியாக, தமிழில் வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. சார்பதிவாளர் அலுவலகங்களில் உள்ள அறக்கட்டளை ஆவணங்களின் பட்டியலை மாவட்டப் பதிவாளர் வட்டவாரியாகத் தொகுத்து வெளியிட வேண்டும். 4ஆம் புத்தகத்தில் உள்ள பொது அறக்கட்டளை ஆவணங்களை மக்கள் பார்வைக்குத் திறக்க அரசு சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டும். மாவட்ட வங்கியாளர் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர் ஆட்சியர். அறக்கட்டளைகளின் பெயரில் உள்ள செயல்படாக் கணக்குகளின் பட்டியலை அடுத்த கூட்டத்திலேயே அவர் வங்கிகளிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்பாரற்ற வைப்புத்தொகைகளைத் தேடும் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் நிறுவனங்களின் பெயரிலும் தேடலாம். ஓர் எழுத்தரை உட்கார வைத்தால் தொடங்கிவிடக்கூடிய வேலை இது. வருமான வரிவிலக்கு பெறும் அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே அறத்துக்குச் செலவிட வேண்டும். ஒதுக்கி வைத்தால் காரணம் சொல்லி ஐந்து ஆண்டுகளுக்குள் செலவிட வேண்டும். செலவிடாதவர்கள் யார் என்று வரித்துறைக்குத் தெரியும். அந்தத் தகவலை மாவட்ட நிர்வாகம் கேட்டுப் பெற வேண்டும்.

கணக்குக் கொடுக்காத அறங்காவலருக்கு நோட்டீஸ் போக வேண்டும். பதில் வராவிட்டால் 93ஆவது பிரிவின் கீழ் அரசின் அனுமதி பெற்று ஆட்சியர் நீதிமன்றம் போக வேண்டும். புதிய அறங்காவலர், புதிய திட்டம், சந்தை நிலவரப்படி வாடகை என்று நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும். மாநில அரசு அந்த அனுமதியை மாதக்கணக்கில் கோப்பில் வைத்திருக்கக் கூடாது. பொது அறக்கட்டளைச் சட்ட முன்வடிவைச் சட்டத் துறை அடுத்த பேரவைக் கூட்டத்தொடரில் வைக்க வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து போன சட்டமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், அதை அங்கே எழுப்ப வேண்டும்.

கனிம அறக்கட்டளைக் கணக்குக்கு எந்தச் சட்டமும் புதிதாக வேண்டாம், எவர் அனுமதியும் வேண்டாம். அடுத்த கிராம சபை கூடும் நாளில் குஜிலியம்பாறை, வேடசந்தூர் வட்டங்களின் குவாரி ஊர்கள் அனைத்திலும் அந்தக் கணக்கை ரூபாய் வாரியாக வாசிக்க வேண்டும். எந்த ஊரில் வாசிக்கவில்லையோ அந்த ஊருக்கு, அறக்கட்டளையின் தலைவர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.