பிளான் ஓகே... அளந்தது சரியா? கட்டட வரைவுப் படிப்பில் என்ன மாறணும்?

அரியலூர் பக்கத்துல இருக்கும் கல்லங்குறிச்சியில் தோண்டினால் சுண்ணாம்புக்கல். சிமென்ட்டுக்கு அதுதான் மூலப்பொருள். சரி, அந்த சிமென்ட்டில் எழும்பும் வீட்டுக்கு மனையை அளந்து, பிளான் போட இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க எப்படிக் கத்துக்கணும்?

பத்தாம் வகுப்பு முடித்தால் ஐ.டி.ஐ.யில் ‘டிராஃப்ட்ஸ்மேன் சிவில்’ சேரலாம். 2 ஆண்டுப் படிப்பு. சர்வே, எஸ்டிமேட், ஆட்டோகேட் எல்லாம் உண்டு.

இது இப்போ ஏன் முக்கியம்?

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி. அலைச்சல் மிச்சம், நல்ல விஷயம்தான். ஆனா, விண்ணப்பத்தில் கொடுக்கும் அளவுக்கு நாமதான் பொறுப்பு.

60 அடி நீள மனையில் அகலத்தை 1 அடி கூட்டிக் குறித்தால் என்ன ஆகும்? 60 சதுர அடி, பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். வாய்க்கால் தகராறு மாதிரி வழக்கு அங்கேதான் ஆரம்பிக்கும்.

கோணல் கோட்டை ஆட்டோகேட் நேராக்கிடும். தப்பான அளவைத் திருத்தாது.

இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-ல் சர்வே பள்ளியாகத்தான் தொடங்கியது. முதல் பாடமே அளப்பதுதான்!

அதனால் என் யோசனை இதுதான்: ஒவ்வொரு மாணவரும் சொந்த ஊரில் ஒரு நிஜ மனையை அளக்கணும். புலப்படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் ஏன் என்று உரிமையாளருக்குப் புரியும்படி சொல்லணும். மார்க் அதுக்குத்தான் போடணும்.